அட்மின் நான்தானே, பிறகும் ஏன் 'அனுமதி இல்லை' என்கிறது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. சேலத்தில் லீ பஜார் மண்டி, செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடை, ஐந்து ரோட்டுப் பக்கத்துத் தணிக்கையாளர் அலுவலகம் என்று எங்கே போனாலும் விண்டோஸ் 11-க்கு மாறிய பேச்சு அடிபடுகிறது. விண்டோஸ் 7-இலேயே காலம் தள்ளிய பழைய கணினியை ஓரங்கட்டிவிட்டு நேராகப் புதியது வாங்கியவர்களும் உண்டு. மாறிய கையோடு வரும் புகார் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான்: "தானாக ஓடிக்கொண்டிருந்த வேலை நின்றுவிட்டது. நான்தான் அட்மின், எனக்கே அனுமதி இல்லை என்கிறது."

தானியங்கி மென்பொருள் என்று இங்கே நான் சொல்வது, ஒருவர் விசைப்பலகையிலும் மௌஸிலும் செய்யும் வேலையை அவருக்குப் பதிலாகச் செய்யும் நிரல்களை. எக்செல்லில் உள்ள கொள்முதல் பில்களை வரிவரியாகக் கணக்கு மென்பொருளில் தட்டுவது, இரவில் கணக்குக் கோப்புகளைப் பிரதி எடுப்பது, எடை மேடையின் அளவை பில்லில் ஏற்றுவது போன்றவை. சிலர் ஆட்டோஹாட்கீ என்ற தானியங்கி நிரல் எழுதும் மென்பொருளில் எழுதிவைத்திருப்பார்கள், சிலர் மைக்ரோசாப்டின் பவர் ஆட்டோமேட்டைப் பயன்படுத்துவார்கள். பலரிடம் இருப்பது யாரோ தெரிந்த பையன் எப்போதோ எழுதிக்கொடுத்த ஒரு சிறு நிரல்.

அது நின்றுபோனதும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். விண்டோஸ் 11 சரியில்லை என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து, அதாவது அட்மின் அதிகாரத்தோடு, திறக்கச் சொல்கிறார் இன்னொருவர். பாதுகாப்பை அடியோடு அணைத்துவிடச் சொல்கிறார் மூன்றாமவர். இரண்டாவது வைத்தியம் பாதி நேரம் வேலை செய்வதால்தான் குழப்பம் தீராமல் நீடிக்கிறது. உள்ளே நடப்பது தெரிந்துவிட்டால், எந்த இடத்தில் கைவைக்க வேண்டும் என்பதை ஐந்து நிமிடத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

## கொலுசுப் பட்டறையின் இரண்டு சீட்டுகள்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்கூடத்தில் பற்றவைப்பவர்களும் மெருகு போடுபவர்களும் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். பின்னறையில் இரும்புப் பெட்டி, அதற்குள் வெள்ளிக் கட்டிகள். முதலாளி ஒரு பையனை வேலைக்கு ஏவும்போது கையில் ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்புகிறார். வெள்ளைச் சீட்டு இருந்தால் முன்கூடத்தில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், வைக்கலாம். பின்னறைக்குப் போகச் சிவப்புச் சீட்டு வேண்டும். அதை முதலாளி தன் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். எதற்கு என்று ஒவ்வொரு முறையும் கேட்டு, சம்மதித்த பிறகே கொடுப்பார்.

பின்னறை வாசலில் நிற்பவர் சீட்டின் நிறத்தை மட்டும்தான் பார்ப்பார். "முதலாளியே என்னை அனுப்பினார்" என்று பையன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கையில் வெள்ளைச் சீட்டு என்றால் கதவு திறக்காது.

இந்தப் பட்டறையில் இன்னும் இரண்டு விதிகள் உண்டு. பையன் தனக்கு உதவியாக யாரைக் கூட்டிப்போனாலும் அவருக்கும் பையனிடம் உள்ள அதே நிறச் சீட்டுதான். பின்னறைக்குள் வேலை செய்பவர், முன்கூடத்திலிருந்து யாராவது குரல் கொடுத்து ஏவினால் காதில் வாங்கிக்கொள்ளமாட்டார். இந்த இரண்டாவது விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் தொல்லையில் பெரும்பகுதி அதிலிருந்துதான் பிறக்கிறது.

## விண்டோஸ் உள்ளே நடப்பது

கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் விண்டோஸ் ஒரு சீட்டுக் கொடுக்கிறது. அதன் தொழில்நுட்பப் பெயர் டோக்கன். இந்த நிரல் யார் பெயரில் ஓடுகிறது, எதையெல்லாம் தொடலாம் என்ற விவரம் அதில் இருக்கும்.

அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நீங்கள் உள்ளே நுழைந்ததும் விண்டோஸ் உங்கள் பெயரில் இரண்டு டோக்கன்களைத் தயாரிக்கிறது. ஒன்றில் முழு அதிகாரமும் இருக்கும். இன்னொன்றில் அட்மின் அதிகாரங்கள் கழிக்கப்பட்டிருக்கும். உங்கள் முகப்புத்திரைக்குக் கிடைப்பது கழிக்கப்பட்ட டோக்கன். அங்கிருந்து நீங்கள் இரட்டைச் சொடுக்கில் திறக்கும் நிரல்கள் எல்லாம் அதையே பெறுகின்றன. முழு டோக்கன் வேண்டுமென்றால் திரை மங்கி, "இந்த நிரல் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?" என்ற கேள்வி வந்து, நீங்கள் 'ஆம்' சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டின் பெயர் யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல், சுருக்கமாக யுஏசி. 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இது இருக்கிறது. அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பியில் அட்மின் கணக்கில் திறந்த நிரல் எல்லாவற்றுக்கும் முழு அதிகாரம் கேள்வியில்லாமல் கிடைத்தது.

மங்கிய திரையில் 'ஆம்' என்பதையும் தானியங்கி நிரலே அழுத்திவிட முடியாதா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. இயல்பான அமைப்பில் அந்தக் கேள்வி தனியாகப் பூட்டிய வேறொரு திரையில்தான் தோன்றுகிறது. சாதாரண நிரல்களின் சொடுக்கு அங்கே எட்டாது. எட்டினால் எந்த வைரஸும் தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்ளும்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: அட்மின் என்பது உங்கள் கணக்கின் தகுதி. அனுமதி என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலின் கையிலும் இருக்கும் சீட்டு. முதலாவது இருப்பதால் இரண்டாவது தானாக வந்துவிடாது.

## பழைய கணினியில் மட்டும் எப்படி ஓடியது?

இந்தக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் சரியான பதில் கிடைப்பதில்லை. விண்டோஸ் 7-லும் யுஏசி இருந்ததே, அப்போது வராத தொல்லை இப்போது ஏன் வருகிறது?

யுஏசி அமைப்பில் மேலும் கீழும் நகரும் ஒரு பொத்தான் உண்டு, நான்கு நிலைகள். விண்டோஸ் 7 காலத்தில் கணினி பழுதுபார்ப்பவர்கள் பலருக்கு ஒரு பழக்கம் இருந்தது: புதுக் கணினியை வைத்தவுடன் அந்தப் பொத்தானை அடிமட்டத்துக்கு இழுத்துவிடுவார்கள். "கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாது" என்று வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. விண்டோஸ் 7-இல் அடிமட்டம் என்பதற்கு யுஏசியை முழுமையாக அணைப்பது என்று பொருள். கணினியை ஒருமுறை அணைத்து மீண்டும் தொடங்கச் சொல்லும், அதற்குப்பின் எல்லா நிரலுக்கும் முழு டோக்கன்தான். தானியங்கி நிரலும் கணக்கு மென்பொருளும் ஒரே அதிகாரத்தில் ஓடியதால் ஒரு சிக்கலும் எழவில்லை.

விண்டோஸ் 8-இல் இது மாறியது, 10-லும் 11-லும் அப்படியே தொடர்கிறது. பொத்தான் அதே இடத்தில் இருக்கிறது, நிலைகளும் அதே நான்கு. ஆனால் அடிமட்டத்துக்கு இழுத்தாலும் இரண்டு டோக்கன் ஏற்பாடு நிற்பதில்லை, கேள்வி கேட்பது மட்டும் நிற்கிறது. முழு அதிகாரம் கேட்கும் நிரலுக்குச் சத்தமில்லாமல் அது கொடுக்கப்படும். கேட்காத நிரல் கழிக்கப்பட்ட டோக்கனுடனேயே ஓடும்.

பழைய பழக்கத்தில் புதுக் கணினியிலும் பொத்தானைக் கீழே இழுத்துவிட்டால், நிலைமை முன்பைவிட மோசம். கணக்கு மென்பொருள் முழு அதிகாரம் கேட்டு, கேள்வியே தோன்றாமல் வாங்கிக்கொண்டு ஓடுகிறது. தானியங்கி நிரல் கேட்காததால் சாதாரணமாக ஓடுகிறது. இரண்டும் வேறு வேறு அதிகாரத்தில் இருப்பதற்குத் தேடாமலே கண்ணில் படும் தடயம் அந்தக் கேள்விதான். அதையும் நாமே மறைத்துவிட்டோம்.

## ஒரு எழுத்துகூட விழவில்லை

விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டிஆர்-1 என்ற ஜிஎஸ்டி படிவத்தை மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கடைசி நாள். பத்தாம் தேதி மாலையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் நடப்பதைப் பாருங்கள். உதவியாளர் பெண் எக்செல்லைத் திறக்கிறார், கணக்கு மென்பொருளைத் திறக்கிறார், பதிவேற்றும் நிரலை ஓடவிடுகிறார். நிரல் எக்செல்லில் வரிவரியாக நகர்ந்து, கடைசி வரிக்குப் போய், 'முடிந்தது' என்று அறிவிக்கிறது. கணக்கு மென்பொருளின் கட்டங்கள் எல்லாம் காலி. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. "அண்ணா, முடிந்தது என்கிறது, ஆனால் ஒரு எழுத்துகூட விழவில்லை" என்று கணினிக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னால், அவர் எக்செல் கோப்பைச் சந்தேகிக்கிறார், பிறகு விசைப்பலகை மொழியை, பிறகு வைரஸை.

நடந்தது வேறு. டோக்கனோடு சேர்த்து ஒவ்வொரு நிரலுக்கும் விண்டோஸ் ஒரு மட்டத்தையும் குறிக்கிறது. தொழில்நுட்பப் பெயர் இன்டெக்ரிட்டி லெவல். சாதாரணமாகத் திறந்த நிரல் நடு மட்டத்திலும், முழு டோக்கன் பெற்ற நிரல் உயர்ந்த மட்டத்திலும் இருக்கும். கீழ்மட்ட நிரல் மேல்மட்டச் சாளரத்துக்குப் போலி விசையழுத்தமோ போலிச் சொடுக்கோ அனுப்ப விண்டோஸ் விடுவதில்லை. பட்டறையின் இரண்டாவது விதி இதுதான்.

இதில் கொடுமையான பகுதி, அந்தத் தடை வாய்திறப்பதில்லை. விசையழுத்தம் அனுப்ப நிரல்கள் பயன்படுத்தும் விண்டோஸ் கட்டளை, இந்தக் காரணத்தால் தடுக்கப்பட்டது என்பதை அழைத்த நிரலுக்குத் தெரிவிக்காது என்று மைக்ரோசாப்டின் ஆவணமே சொல்கிறது. நிரல் தன் கடமையைச் செய்துவிட்டதாக நம்பி அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. ஆகவே எழுதியவரையோ உதவியாளரையோ குறை சொல்லிப் பயனில்லை.

உங்கள் கணினியிலேயே இதைச் சோதிக்கலாம். ஆட்டோஹாட்கீயில் ஒரு குறுக்குவிசை வைத்திருக்கிறீர்கள் என்றால், ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்தச் சாளரம் முன்னால் இருக்கும்போது குறுக்குவிசையை அழுத்துங்கள். ஒன்றும் நடக்காது. நோட்பேடுக்கு மாறி அழுத்துங்கள், வேலை செய்யும். அட்மின் கணக்கில் டாஸ்க் மேனேஜர் தானாகவே உயர்ந்த மட்டத்துக்குப் போய்விடும், அதனால்தான் இந்த வித்தியாசம்.

சுருக்கமாக: 'அனுமதி இல்லை' என்று செய்தி வந்தால், நிரல் ஒரு கோப்பையோ அமைப்பையோ தொட முயன்று டோக்கன் போதாமல் திரும்பியிருக்கலாம். செய்தியே இல்லாமல் விசைகள் காணாமல் போனால், இரண்டு நிரல்கள் வேறு வேறு மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

## எது எந்த மட்டத்தில் என்று கண்ணால் பார்ப்பது

டாஸ்க் மேனேஜரில் 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குப் போங்கள். பத்தித் தலைப்புகள் மீது வலது சொடுக்கு, 'செலக்ட் காலம்ஸ்', அதில் 'எலிவேட்டட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு நிரலுக்கு நேராகவும் 'யெஸ்' அல்லது 'நோ' என்று தெரியும். தானியங்கி நிரலுக்கு 'நோ', கணக்கு மென்பொருளுக்கு 'யெஸ்' என்றால் குற்றவாளி அகப்பட்டான். இந்த ஒரு பத்தியைப் பார்க்காமல் விண்டோஸை மறுபடி நிறுவுவது வீண்வேலை.

## இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது

எல்லாரும் உடனே செய்வது, தானியங்கி நிரலையும் ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்து மேலே ஏற்றுவது. வேலை நடக்கும். ஆனால் நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: கணக்கு மென்பொருள் ஏன் மேலே இருக்கிறது? அன்றாடம் பில் போட அதற்கு அட்மின் அதிகாரம் தேவையா?

பெரும்பாலும் தேவையிருக்காது. நிறுவியவர் அதன் குறுக்குவழிப் படத்தில் வலது சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி' போய், 'ரன் திஸ் ப்ரோக்ராம் ஆஸ் அன் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போயிருப்பார். அந்த டிக்கை எடுத்துவிட்டு, கணக்கு மென்பொருளைச் சாதாரணமாகத் திறந்து ஒரு பில் போட்டுப் பாருங்கள். சேமிக்கிறது, அச்சாகிறது என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டும் நடு மட்டத்துக்கு வந்துவிட்டன, தானியங்கி ஓடும்.

சேமிக்க முடியவில்லை என்றால் தரவுக் கோப்புறை 'ப்ரோக்ராம் ஃபைல்ஸ்' உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் எழுத முழு டோக்கன் வேண்டும். மென்பொருள் இடம் கொடுத்தால் தரவை டி டிரைவிலோ வேறு தனிக் கோப்புறையிலோ மாற்றிவைப்பது நல்லது. இதுவும் முடியாத பழைய மென்பொருள் என்றால் மட்டும் தானியங்கியை மேலே ஏற்றுங்கள். ஆட்டோஹாட்கீயில் இன்னொரு வழியும் உண்டு: அதை ப்ரோக்ராம் ஃபைல்ஸில் முறையாக நிறுவினால், 'யுஐ ஆக்ஸஸ்' என்ற சிறப்புச் சலுகையோடு நிரலை ஓட்டலாம். முழு அட்மின் அதிகாரம் இல்லாமலே மேல்மட்டச் சாளரத்தில் தட்டச்சு செய்ய அது போதும்.

யுஏசியையே ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் இடம்) வழியாக அடியோடு அணைக்கும் வித்தை இன்றும் சுற்றிவருகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மண்டிக்கடைக் கணினியில்தான் வங்கிக் கணக்கும், வாட்ஸ்அப் வெப்பும், முன்பின் தெரியாதவர் அனுப்பும் பில் இணைப்புகளும் ஒன்றாகத் திறக்கின்றன. தவறான ஓர் இணைப்பைத் திறந்தால், அதற்குள் இருப்பதும் உங்கள் சீட்டைத்தான் வாங்கிக்கொள்ளும். அது கழிக்கப்பட்ட டோக்கனாக இருந்தாலே உங்கள் கோப்புகளைப் பாழாக்க முடியும். முழு டோக்கனாக இருந்தால் வைரஸ் தடுப்பையும் முடக்கிவிட்டு அடுத்த கணக்கின் கோப்புகளிலும் கைவைக்கும்.

## மேலே ஏற்றியபின் காணாமல் போகும் பொருட்கள்

தானியங்கியை முழு அதிகாரத்தில் ஓடவிட்டதும் புதிதாகச் சில விநோதங்கள் தலைகாட்டும். எல்லாம் ஒரே வேரிலிருந்து வருபவை.

சர்வரில் இருக்கும் கோப்புறைக்கு 'இசட்' என்று டிரைவ் எழுத்துக் கொடுத்திருப்பீர்கள். முழு அதிகாரத்தில் ஓடும் நிரல் 'இசட் டிரைவே இல்லை' என்று சொல்லும். இரண்டு டோக்கன்களுக்கும் தனித்தனி அமர்வு (செஷன்), ஓர் அமர்வில் இணைத்த டிரைவ் எழுத்து மற்றதில் தெரியாது. டிரைவ் எழுத்துக்குப் பதிலாக, இரட்டைப் பின்சாய்கோட்டில் (\\) தொடங்கி சர்வர் பெயருடன் வரும் முழு முகவரியை நிரலில் எழுதிவிட்டால் தீர்ந்தது.

அடுத்தது எக்செல். சாதாரணமாகத் திறந்திருக்கும் எக்செல்லோடு இணைந்து வேலை செய்யும் நிரலை முழு அதிகாரத்துக்கு ஏற்றினால், திறந்திருக்கும் எக்செல் அதன் கண்ணுக்குத் தெரியாது. கணக்கு மென்பொருளுக்காக மேலே ஏற்றினால் எக்செல் கைநழுவுகிறது. இரண்டையும் கீழேயே வைத்திருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனாலும்தான்.

மூன்றாவது, பழைய முப்பத்திரண்டு பிட் மென்பொருட்களில் வரும் ஒரு மாயம். விஸ்டாவுக்கு முன் எழுதப்பட்ட நிரல் ப்ரோக்ராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால், விண்டோஸ் அதைத் தடுக்காமல், உங்கள் பயனர் கோப்புறைக்குள் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற மறைவான இடத்துக்குத் திருப்பிவிடும். அதே நிரலை அட்மினாகத் திறந்தால் உண்மையான இடத்திலிருந்து படிக்கும். நேற்று வரை போட்ட பதிவுகள் இன்று காணோம் என்று பதறுவீர்கள். இரண்டு பிரதிகளும் பத்திரமாக இருக்கும், திறந்த விதம்தான் வேறு.

ஊழியரின் கணக்கு அட்மின் கணக்கே இல்லை என்றால் கதை இன்னொரு படி நீளும். அப்போது யுஏசி முதலாளியின் கடவுச்சொல்லைக் கேட்கும். கொடுத்தால் நிரல் முதலாளியின் பெயரிலேயே ஓடும். 'டெஸ்க்டாப்பில் சேமி' என்றால் முதலாளியின் டெஸ்க்டாப்பில் போய் உட்காரும், ஊழியர் தன் திரையில் தேடிக்கொண்டிருப்பார்.

## இரவு வேலைகள்

கடை மூடியபின் பிரதி எடுக்கும் வேலையை 'டாஸ்க் ஷெட்யூலர்' என்ற விண்டோஸ் வசதியில் வைத்திருப்பார்கள். புதுக் கணினியில் மறுபடி அமைக்கும்போது இரண்டு தேர்வுகள் குழப்பும். 'ரன் வித் ஹையஸ்ட் ப்ரிவிலேஜஸ்' என்பதில் டிக் அடித்தால், அட்மின் கணக்கின் வேலை கேள்வியில்லாமல் முழு டோக்கனோடு ஓடும். 'ரன் வெதர் யூசர் இஸ் லாக்ட் ஆன் ஆர் நாட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், யாரும் உள்ளே நுழையாதபோதும் ஓடும். ஆனால் யார் கண்ணுக்கும் தெரியாத ஓர் அமர்வில் ஓடும். கோப்புகளைப் பிரதி எடுக்க அது சரி. கணக்கு மென்பொருளின் சாளரத்தில் தட்டச்சு செய்யும் வேலையை அங்கே வைத்தால் நடக்காது, உங்கள் திரையே அதற்குக் கிடையாது. அந்த வேலைக்கு, பயனர் உள்ளே இருக்கும்போது மட்டும் ஓடும் தேர்வையே வையுங்கள்.

அதே பெட்டியில் 'ஸ்டார்ட் இன்' என்ற கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. காலியாக விட்டால் நிரல் விண்டோஸின் 'சிஸ்டம் 32' கோப்புறையில் நின்றுகொண்டு தன் துணைக்கோப்புகளைத் தேடும். நிரல் இருக்கும் கோப்புறையின் முழு முகவரியை, மேற்கோள் குறி இல்லாமல், அங்கே எழுதுங்கள்.

காலையில் வந்ததும் 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' பத்தியைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் '0x0' என்று தெரிந்தால் நிரல் பிழையில்லாமல் முடிந்ததாகச் சொல்கிறது. இரவு தொடங்கிய வேலை காலையிலும் 'ரன்னிங்' என்றே நின்றால், தெரியாத அந்த அமர்வில் அது ஏதோ ஒரு கேள்வி கேட்டு, 'ஓகே' அழுத்த ஆளில்லாமல் காத்துக்கொண்டிருக்கலாம். வலது சொடுக்கி 'எண்ட்' கொடுத்து நிறுத்திவிட்டு, அதே நிரலைப் பகலில் உங்கள் கண்முன் ஒருமுறை ஓடவிட்டால் அந்தக் கேள்வி என்னவென்று தெரிந்துவிடும்.